வட்டங்கள் மாறும் காலம்

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நமக்கு, அன்றாட வாழ்வில் அரசாங்கம் என்பது பெரும்பாலும் நகராட்சியே. குழாயில் தண்ணீர் வருவதும், தெரு விளக்கு எரிவதும், குப்பை அகல்வதும் அதன் பொறுப்பு. ஆகவே நகரை எத்தனை வட்டங்களாகப் பிரிப்பது என்னும் கேள்வி நமக்குப் புறம்பானதன்று.

சீர்திருத்தம் என்ற பெயரில் வரும் யோசனைகளை எடைபோட மும்பை நல்லதோர் உரைகல். அம்மாநகராட்சியில் 227 வட்டங்கள் இருந்தன. மக்கள் தொகை பெருகிவிட்டது என்று கூறி, 2021-ஆம் ஆண்டின் இறுதியில் அன்றைய மாநில அரசு அவற்றை 236 ஆக்க முடிவு செய்தது. 2022 ஜூனில் ஆட்சி மாறிற்று. ஆகஸ்டில் புதிய அரசு மீண்டும் 227 என்றது. இடையில் புதிய கணக்கெடுப்பு எதுவும் நடைபெறவில்லை. மாறியது ஜனத்தொகை அன்று, ஆளும் தரப்பே.

பெங்களூரிலும் இதே கதைதான். 198 வட்டங்களை 2022-இல் ஓர் அரசு 243 ஆக வகுத்தது. 2023-இல் பதவியேற்ற அடுத்த அரசு, அதே 2011-ஆம் ஆண்டுக் கணக்கைக் கொண்டே 225 ஆக வகுத்தது. 2025 செப்டம்பரில் அந்த மாநகராட்சியே ஐந்தாகப் பிரிந்தது. தில்லியோ 2012-இல் மூன்றாகப் பிரிந்து 2022-இல் ஒன்றாயிற்று. பிரித்தது ஒரு கட்சியின் ஆட்சி. இணைத்தது மற்றொரு கட்சியின் ஆட்சி. தேர்தல் தேதியை அறிவிக்கும் தறுவாயில் இணைப்பு யோசனை எழுந்தது. 272 இடங்கள் 250 ஆயின. வாக்குப்பதிவு டிசம்பருக்குத் தள்ளிப்போயிற்று.

மாற்றம் அனைத்தும் சூழ்ச்சி என்று நாம் சொல்லவில்லை. பிரிவினைக்குப் பின் வடக்கு, கிழக்குத் தில்லி மாநகராட்சிகள் ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கவும் திணறின என்பது உண்மை. ஆயினும் நியாயமான காரணமும் சுயநலமும் ஒரே வண்டியில் ஏறி வருவதுண்டு. எல்லைக் கோடு ஒரு தெரு தள்ளி விழுந்தால், திரண்டிருந்த வாக்குகள் இரண்டாகச் சிதறும். தாராவியிலும் அல்சூரிலும் நெருங்கி வாழும் நம்மவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதனினும் பெரிய நஷ்டம் காலதாமதம். மன்றத்தின் காலம் ஐந்தாண்டு என்றும், அது முடியுமுன் தேர்தல் நடந்தாக வேண்டும் என்றும் அரசியல் சட்டத்தின் 243-யு பிரிவு விதிக்கிறது. ஆனால் மும்பை மன்றத்தின் காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. எல்லைத் தகராறும் இட ஒதுக்கீட்டு வழக்கும் சேர்ந்து, தேர்தல் 2026 ஜனவரியில்தான் நடந்தது. பெங்களூரில் 2020 செப்டம்பரில் மன்றம் கலைந்தபின் பல்லாண்டுகள் அதிகாரிகளே ஆண்டனர். சாக்கடை அடைத்துக்கொண்டால் சென்று கதவைத் தட்ட உறுப்பினர் ஒருவர் இல்லை.

இத்தகைய யோசனை வரும்போது நாம் மூன்று கேள்விகளைக் கேட்போம். எந்தக் கணக்கை ஆதாரமாகக் கொண்டது? தேர்தலுக்கு எவ்வளவு முன்னால் வந்தது? எதிர்க்கட்சியாக இருந்தபோதும் இதையே கேட்டார்களா? எல்லை வரையறையின் நகல் வெளியாகி, ஆட்சேபம் கூறத் தவணை தரப்படுகிறது. அதற்குள் நம் தெரு எந்த வட்டத்தில் விழுகிறது என்று பார்த்து, குறை இருப்பின் அண்டை வீட்டாரோடு சேர்ந்து எழுதிக் கொடுப்போம். வாக்காளர் பட்டியலில் நம் பெயர் இருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடுவது நலம்.