ஒரு தட்டும் அதன் பாடாந்தரங்களும்

‘பப்புவா நியூ கினியா’, லண்டனின் ஜம்பின் அண்ட் பம்பின் நிறுவனம் 1991இல் வெளியிட்ட மின்னிசைத் தட்டு. ‘தி ஃபியூச்சர் சவுண்ட் ஆஃப் லண்டன்’ இரட்டையரின் முதல் சிங்கிள் இது. கேரி கோபெய்னும் பிரையன் டூகன்ஸும் 1980களின் நடுவில் மான்செஸ்டரில் பழக்கமானவர்கள். முதல் என்பது குழுவின் பெயருக்கே பொருந்தும். டூகன்ஸின் ‘ஸ்டாக்கர் ஹியூமனாய்ட்’ 1988லேயே பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 17ஆம் இடம் வரை ஏறியிருந்தது. மென்டல் கியூப், இண்டோ டிரைப் என்று இருவருக்கும் புனைபெயர்கள் வேறு.

இந்த இசையைத் தாங்கும் தூண்கள் இரண்டுமே இரவல். பெண் குரல், ‘டெட் கேன் டான்ஸ்’ குழுவின் 1987 ஆல்பத்தில் உள்ள ‘டான் ஆஃப் தி ஐகனோகிளாஸ்ட்’டில் லிசா ஜெரார்ட் பாடியது. பேஸ் கிடார் போல் உருளும் கீழ்ஸ்தாயி வரி, மீட் பீட் மேனிஃபெஸ்டோவின் ‘ரேடியோ பாபிலோன்’ தட்டில் இருந்து வந்தது. பிறர் ஒலிப்பதிவில் ஒரு துண்டை வெட்டிச் சேமித்து, வேண்டிய சுருதியிலும் வேகத்திலும் வாசிக்கத் தரும் கருவி சாம்ப்ளர். அதன் உதவியால் மாதா கோயிலில் ஒலிப்பது போன்ற குரலும் நடன அரங்கின் அதிர்வும் ஒன்றாகக் கலந்தன. அடியில் பிரேக்பீட் என்னும் முறிதாளம் விரைய, மேலே குரலும் நீண்ட சுரங்களும் அவசரமின்றி மிதக்கின்றன. ஆம்பியன்ட் என்னும் சூழலிசையின் சாயல் அந்த மேல்தளத்தில்தான் இருக்கிறது.

ஜெரார்டின் குரலில் பொருளுள்ள சொல் கிடையாது, வெறும் ஒலிகளே. வரிகளுக்குக் கட்டுப்பட்ட பாட்டாக இருந்திருந்தால் பின்னால் ரீமிக்ஸ் செய்த இத்தனை கைகளுக்கு வளைந்து கொடுத்திருக்குமா என்பது சந்தேகம். தலைப்பும் அப்படித்தான், பொருளுக்குக் கட்டுப்படாதது. தீவு நாட்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது. குரலுக்கு உரியவரோ மெல்போர்னில் பிறந்தவர்.

ரீமிக்ஸ் என்பதைக் கர்நாடக இசையின் பாடாந்தரத்தோடு ஒப்பிடலாம், ஒரு வேறுபாட்டோடு. பாடாந்தரம் குருவழியில் வாய்மொழியாகக் கிளைப்பது. ரீமிக்ஸில் மூலப் பதிவின் பகுதிகளே மற்றவர் கைக்கு வருகின்றன. ‘பிரைமல் ஸ்க்ரீம்’ குழுவின் ‘லோடட்’ மூலம் 1990இல் பெயர்பெற்ற ஆண்ட்ரூ வெதரால், இதைப் பத்து நிமிடத்துக்கும் மேல் நீட்டினார். மான்செஸ்டரின் ‘808 ஸ்டேட்’ குழுவைச் சேர்ந்த கிரஹாம் மாஸியும் ஒரு வடிவம் செய்தார். இரட்டையரே செய்துகொண்ட மாற்று வடிவங்களும் உண்டு. இரவல் துண்டுகளால் கட்டிய பாட்டு மறுபடி துண்டுகளாகப் போனதில் ஒரு நியாயம் இருக்கிறது.

1992இல் தட்டு பிரிட்டிஷ் பட்டியலில் 22ஆம் இடத்தை எட்டியது. ‘அக்சிலரேட்டர்’ ஆல்பத்திலும் இடம்பெற்றது. அதன்பின் வர்ஜின் நிறுவனத்துக்குச் சென்ற இரட்டையர், 1994இன் ‘லைஃப்ஃபார்ம்ஸ்’ ஆல்பத்தில் நடனத் தாளத்தைப் பெரிதும் விட்டுச் சூழலிசையில் இறங்கினர்.

2001இல் ‘பப்புவா நியூ கினியா டிரான்ஸ்லேஷன்ஸ்’ வந்தது. பெயரே மொழிபெயர்ப்புகள் என்கிறது. பழைய கருவை எடுத்து, 1960களின் சைக்கடெலிக் ராக் சாயலில், ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பிட்டு இரட்டையரே மறுபடி எழுதிய இசை அது. அந்தக் குறுந்தகட்டின் முதல் உருப்படி, 1991இன் பன்னிரண்டு அங்குல மூல வடிவம்.