விடைபெறும் வேளையில்

கடல்கடந்தும் வந்திருக்கும் அன்புச் சகோதரிகளே,

இவ்வாண்டு ஓய்வுபெறும் தொழினுட்பப் பாட ஆசிரியைகளாகிய நாங்கள் இக்கல்லூரியின் பழைய மாணவிகள். இங்கு படித்த காலத்தில் தட்டச்சுப்பொறியே எங்களுக்குப் பெரிய இயந்திரம். 2013இல் க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பத்துறை வந்தபோது, பிள்ளைகளுடன் சேர்ந்து நாங்களும் படித்தோம்.

நிலாவெளி, குச்சவெளி கடந்து திரியாய்க்குப் போய்க் கற்பித்த நாட்களை மறக்கவில்லை. 1985இல் இடம்பெயர்ந்த மக்கள், பல ஆண்டுகளின் பின் திரும்பிய ஊர் அது. அங்கே ஒரு மாணவி, "தொழினுட்பம் பொடியன்மாருக்குத்தானே, ரீச்சர்?" என்று கேட்டாள். அவள் கையாலேயே சுற்றை இணைக்க வைத்தோம். மின்குமிழ் எரிந்தது. பிறகு அந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லை.

இன்று உங்களிடம் ஒன்று கேட்கிறோம். வெளிநாடுகளிலிருந்து வந்த கணினிகளுக்கு நன்றி. ஆனால் பழுதானபின் திருத்த ஆளின்றி மூலையில் கிடந்தவையும் உண்டு. கணினியுடன் உங்கள் நேரத்தையும் தாருங்கள். வாரத்தில் ஒரு மணித்தியாலம் கிராமத்துப் பிள்ளைகளுடன் இணையவழியில் பேசுங்கள். எதைப் படித்தீர்கள், என்ன தொழில் செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். எங்கள் இடத்துக்கு வேறு ஆசிரியர்கள் வருவார்கள். வழிகாட்டும் அக்காமாரின் இடத்தை நீங்கள்தான் நிரப்பவேண்டும்.