பண்டிகைக்கு ஊர் போதல்



என் மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது ஒருநாள் மாலை, "ஓர் ஆண்டில் எத்தனை மாதங்கள்?" என்று கேட்டேன். அவள் விரல்களை மடக்கிக்கொண்டு, "பொங்கல், சித்திரை, கூழ், நல்லூர், தீபாவளி" என்று எண்ணி, "ஐந்து" என்றாள். பாடசாலைக் கணக்கில் அது பிழைதான். ஆயினும் எங்கள் வீட்டுக் கணக்கில் அதைப் பெரும் பிழையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஐந்தும் எங்கள் சிறு குடும்பத்துக்கு எவ்வாறு வந்து சேர்ந்தன என்பதையே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

நாங்கள் வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில் உள்ள ஒரு தொடர்மாடி வீட்டில் வசிப்பவர்கள். நானும் கணவரும், ஒரு மகளும், அவளுக்கு மூன்று வயது இளையவனான ஒரு மகனுமாக நால்வர். என் கணவரின் ஊர் தென்மராட்சியில், கொடிகாமத்துக்கு அண்மையில் உள்ளது. மாமியார் அங்கே பழைய வளவில் தனியாக இருக்கின்றார். கொழும்புக்கு வந்து எங்களோடு இருக்கும்படி பலமுறை அழைத்தோம். "உங்கட வீட்டிலை முத்தம் இல்லைப் பிள்ளை, பொங்கலை எங்கை பொங்கிறது?" என்பதே அவருடைய மறுமொழி. அந்தக் கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. ஆகவே நாங்களே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு முந்நூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல் போய்வரலானோம்.

இதில் ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்லவேண்டும். பிள்ளைகளுக்குப் பண்டிகை காட்டப் போகின்றோம் என்று நான் பிறரிடம் சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் அவற்றில் பாதியை நானும் அவர்களோடுதான் முதன்முறை கண்டேன்.

நான் 1987ஆம் ஆண்டு யாழ்ப்பாண நகருக்கு அண்மையில் பிறந்தவள். யாழ்தேவி 1956ஆம் ஆண்டு ஏப்ரலில் ஓடத் தொடங்கி, 1990ஆம் ஆண்டு ஜூனில் யாழ்ப்பாணத்துக்கு வருவதை நிறுத்தியது. எனக்கு நினைவு தெரிந்த நாளில் புகையிரதம் என்பது பெரியவர்கள் சொல்லும் கதை மட்டுமே. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட, புல் முளைத்த ஒரு மேடு மட்டும் எஞ்சியிருந்தது. 1995ஆம் ஆண்டில் தீபாவளி கழிந்து சில நாள்களே ஆகியிருந்தன. ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, எட்டு வயதுச் சிறுமியாகிய நான் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அடுத்த தைப்பொங்கல் தென்மராட்சியில், பிறர் வளவில், இரவல் பானையில் நிகழ்ந்தது. பால் எந்தத் திசையில் பொங்கி வழிகின்றது என்று பார்த்துப் பலன் சொல்வது வழக்கமல்லவா? அன்று அதைப் பார்க்க ஒருவருக்கும் மனம் இருக்கவில்லை.

பனங்கட்டியும் எனக்குப் பண்டிகைப் பொருளாக அறிமுகமானதன்று. சீனி கிடையாத நாள்களில் தேநீரோடு கடித்துக்கொள்ளும் துண்டாகவே அதை அறிவேன். பின்பு கொழும்பு வந்தோம். வாடகை அறைகள் மாறி மாறி வந்தன. என் பதினைந்தாம் வயதில் அம்மா காலமானார். அவர் அறிந்திருந்த பக்குவங்கள் அவரோடு போயின. பிள்ளைகளுக்கு நான் எதைக் கைமாற்றுவேன்?

2017ஆம் ஆண்டு ஆடிப்பிறப்பன்று துணிந்து வெள்ளவத்தையிலேயே கூழ் காய்ச்ச முற்பட்டேன். மாமியாரைத் தொலைபேசியில் அழைத்து, "எத்தனை சுண்டு மா போடுறது, மாமி?" என்று கேட்டேன். "சுண்டுக் கணக்கில்லைப் பிள்ளை. மா தண்ணியைக் கேக்கும், கேக்கிற அளவு விடு" என்றார். என் மா எதையும் கேட்கவில்லை, திரண்டு பசையாயிற்று. கணவர் பேசாமல் உண்டார். மகள் கரண்டியை வைத்துவிட்டு, "இது பழுதாய்ப்போன பாயாசமா, அம்மா?" என்று கேட்டாள். அன்றிரவே மறு ஆண்டு ஆடிப்பிறப்புக்கு ஊர் போவதென்று முடிவு செய்தோம்.

பொங்கலும் சித்திரைப் புத்தாண்டும் தீபாவளியும் அரசாங்க விடுமுறை நாள்கள். நல்லூர்த் திருவிழா பெரும்பாலும் ஓகஸ்ற் மாதப் பாடசாலை விடுமுறையோடு பொருந்தி வந்தது. ஆடிப்பிறப்புக்கோ நாடளாவிய விடுமுறை இல்லை. தங்கத் தாத்தா என்று நாம் போற்றும் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் அந்நாளைப் பாடி வைத்ததனால், கூழ் குடியாத பிள்ளைகளும் அதன் பெயரை மட்டும் அறிவார்கள். மகளின் விடுமுறைக் கடிதத்தில் "ஆடிப்பிறப்பு" என்று காரணம் எழுதினேன். அது என்ன பண்டிகை என்று வகுப்பாசிரியை அன்போடு விசாரித்தார். சூரியன் தெற்கு நோக்கித் திரும்பும் தட்சிணாயனத்தின் தொடக்கம் என்றேன். அவருக்கு அந்த விளக்கம் போதவில்லை, எனக்கும் போதவில்லை.

2018ஆம் ஆண்டு ஜூலை நடுப்பகுதியில், இருள் பிரியுமுன் முச்சக்கரவண்டியில் கோட்டைப் புகையிரத நிலையத்துக்குச் சென்றோம். 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை பாதை மீண்டும் திறக்கப்பட்டபின், வடக்குப் புகையிரதத்தில் பண்டிகைக் கூட்டத்துக்குக் குறைவிருக்கவில்லை. ஆடிப்பிறப்புக்கோ கூட்டம் இல்லை. யன்னலோர இருக்கைகள் இரண்டு கிடைத்தன. பொல்காவலையில் மலைநாட்டுப் பாதை பிரிந்து போவதையும், மாகோவில் மட்டக்களப்புப் பாதை பிரிவதையும் கணவர் பிள்ளைகளுக்குக் காட்டினார். கூடையோடு ஏறிய இறால் வடைக்காரரைத்தான் பிள்ளைகள் கவனித்தார்கள். அநுராதபுரத்தில் தூரத்தே தாதுகோபங்கள் தெரிந்தன. வவுனியாவுக்கப்பால் காடு, பிறகு மாங்குளம், கிளிநொச்சி. ஆனையிறவில் நீரேரி வற்றி, உப்புப் பூத்து, வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. சோளகக் காற்று புழுதியை யன்னலுக்குள் கொண்டுவந்து கொட்டியது. பனைகளை எண்ணத் தொடங்கிய மகள் நூற்றுக்கு மேல் எண்ணத் தெரியாமல் நிறுத்திக்கொண்டாள். கொடிகாமத்தில் இறங்கியபோது நால்வர் முகத்திலும் ஒரே நிறப் புழுதி.

அன்று பிற்பகல் மாமியார் பயறு வறுத்த வாசனை படலைவரை வந்தது. வறுத்த பயற்றை உடைத்து, சுளகில் கொழித்து, பாதியைக் கொழுக்கட்டைக்கும் பாதியைக் கூழுக்கும் பிரித்தார். மறுநாள் விடியலில் தேங்காய் துருவிப் பால் பிழிந்தார். பனங்கட்டியைக் கரைத்து வடித்தார். தேங்காயைச் சிறு சொட்டுகளாக அரிந்தார். நான் கொழும்பிலிருந்து ஒரு கொப்பியும் அளவுக் கோப்பையும் கொண்டுபோயிருந்தேன். அவர் மாவைக் கையால் அள்ளும்போதெல்லாம், "மாமி, பொறுங்கோ" என்று அவர் கைப்பிடி மாவைக் கோப்பையில் கொட்டி அளந்து எழுதினேன். மூன்றாம் முறை அவர் சிரித்துவிட்டார். "நீ எழுது. குஞ்சு, நீ இஞ்சை வா" என்று பேத்தியை அழைத்து, அவளுடைய சிறு கையை மாவினுள் வைத்து, அதன்மேல் தம் கையை வைத்தார். எவ்வளவு ஈரம், எவ்வளவு அழுத்தம், எந்த அளவு உருண்டை என்பவையெல்லாம் அந்த இரு கைகளுக்குமிடையே பேசிக்கொள்ளப்பட்டன. நான் நான்கு பக்கம் எழுதி முடித்தேன்.

தென்மராட்சி பலாவுக்குப் பேர்போன இடம். பழுத்த பலாவிலைகளைக் கோலி, ஈர்க்கினால் குத்தி, ஆளுக்கொன்றாகத் தந்தார். சுவாமிக்குப் படைத்தபின் மாமரத்தின் கீழ் எல்லோரும் அமர்ந்தோம். மகள் இரண்டு பிளாக் கூழ் குடித்தாள். மகனோ கூழிலிருந்த தேங்காய்ச் சொட்டுகளை மட்டும் பொறுக்கித் தின்றான். நான் என்ன செய்தேன் என்று கேட்டால், முதல் வாய் விழுங்கியபின் சற்று நேரம் கிணற்றடிப் பக்கம் போய் நின்றேன். என் அம்மா காய்ச்சிய கூழும் இப்படித்தான் இருந்திருக்குமோ?

அந்த ஆண்டு செப்ரெம்பர் மாதம் மறுபடியும் போனோம். நல்லூர் கந்தசுவாமி கோவிலின் இருபத்தைந்து நாள் திருவிழாவையும் பார்ப்பது எங்களால் ஆகாது. தேருக்கு முன்னும் பின்னுமாக நான்கு நாள் நின்றோம். மணி தவறாத பூசைக்கு அக்கோவில் பேர்போனது. பிந்திப் புறப்படுவதே வழக்கமான எங்கள் குடும்பம் அங்கே முதற்றடவையாக நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கோவில் வாயிலில் தகப்பனார் மேற்சட்டையைக் கழற்றியதும் மகனும் கழற்றிவிட்டான். அதன்பின் வீதியிலும் போட்டுக்கொள்ள மறுத்தான். வெளிவீதி மணலில் கச்சான் வாங்கினோம். அவனுக்கு ஓர் அம்மம்மாக் குழலும் வாங்கிக் கொடுத்தோம். திரும்பும் புகையிரதத்தில் அதை அவன் வவுனியாவரை ஊதினான். முன்னிருக்கைப் பெரியவர் எங்களை மன்னித்தார் என்றே நம்புகின்றேன்.

அப்பயணத்திலேயே ஒருநாள் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்குப் படகேறினோம். நாகபூசணி அம்மனைத் தரிசிக்கப் போகும் நம்மவர்களும், நாகதீப விகாரைக்குப் போகும் சிங்கள யாத்திரிகர்களும் ஒரே படகில் முழங்கால் இடிபட அமர்ந்திருந்தோம். அலை தெறித்தபோது ஒரு மூதாட்டி என் மகளைத் தம் வெள்ளைச் சேலையால் மூடிக்கொண்டார். கொழும்பிலும் எங்களுக்குப் பண்டிகை இல்லாமலில்லை. வெசாக் காலத்தில் தோரணம் பார்க்க நடப்போம். நோன்புப் பெருநாளன்று கீழ்மாடி வீட்டிலிருந்து வட்டிலப்பம் வரும். சித்திரையில் நாங்கள் பலகாரம் கொடுக்க, எதிர்வீட்டார் கொக்கிஸ் தருவார்கள். அந்த வரவுசெலவைப் பிள்ளைகளே நடத்துகின்றார்கள். ஒரு சித்திரையில் நுவரெலியாவுக்கும் போனோம். மலர்களையும் குதிரைகளையும் கண்டு, குளிரில் நடுங்கி, மகிழ்ந்து திரும்பினோம். ஆயினும் அந்தப் பயணத்தைப் பற்றிப் பிள்ளைகள் என்னிடம் ஒரு கேள்வியேனும் கேட்டதில்லை. ஊருக்குப் போய்வந்தாலோ கேள்விகள் ஓயா. "அப்பம்மாவின் சுவரில் ஏன் ஓட்டை?" என்பது ஒன்று. 2000ஆம் ஆண்டில் தென்மராட்சி மக்களும் வீடுகளை விட்டு ஓட நேர்ந்ததை அதற்கு விடையாகச் சொல்லவேண்டியிருந்தது.

2020ஆம் ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டு கொரோனா ஊரடங்கினுள் பிறந்தது. பயணமும் இல்லை, மருத்துநீரும் இல்லை. மாமியார் சுபவேளையில் தொலைபேசியில் அழைத்து, "கைவிசேஷம் எடுத்து வைச்சிருக்கிறன்" என்று மட்டும் சொன்னார். தனியாக ஒரு முற்றத்தில் பாற்பொங்கல் பொங்கிய குரல் அது. அன்று முழுவதும் என் கணவர் அதிகம் பேசவில்லை.

ஜூன் மாத இறுதியில் ஊரடங்கு முற்றாக நீங்கியது. ஆடிப்பிறப்புக்கு முதல்நாள் ஊர் சேர்ந்தோம். மாமியார் சுவாமி அறையிலிருந்து நான்கு வெற்றிலைச் சுருள்களைக் கொண்டுவந்தார். வெற்றிலை கருகி உடைந்தது. உள்ளே நெல்லும் பாக்கும் காசும் அப்படியே இருந்தன. மூன்று மாதம் பிந்திய கைவிசேஷத்தைக் கிழக்கு நோக்கி நின்று வாங்கிக்கொண்டோம்.

அவருக்கு முழங்கால் நோ கண்டிருந்தது. அடுப்படியில் குந்த முடியவில்லை. கதிரையில் அமர்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். நான் 2018ஆம் ஆண்டுக் கொப்பியைத் திறந்து, கோப்பையில் தண்ணீர் அளந்தேன். எட்டு வயது மகள் மாவினுள் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, காணாது. மா இன்னும் தண்ணி கேக்குது" என்றாள்.

மாமியாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையை அசைத்தார். நான் கொப்பியை மூடிவைத்துவிட்டுப் பலாவிலை கோலப் போனேன்.