கடல் கடந்து வரும் கண்ணாடிச் சட்டம்



காலையில் கண் விழித்ததும் நான் முதலில் தேடுவது மூக்குக் கண்ணாடியைத்தான். அது கைக்கு அகப்படும் வரையில் எதிர்ச் சுவரில் தொங்கும் கடிகாரம் எனக்கு ஒரு வெண்ணிற மேகமே. பத்து வயதில் தொடங்கிய கிட்டப் பார்வை இன்று இரு கண்களிலும் எட்டு டயாப்டர் அளவில் நிற்கிறது. ஆகையால் கண்ணாடிச் சட்டத்தைப் பற்றி, அதிலும் வெளிநாட்டுச் சட்டத்தைப் பற்றி, நான் பேச முற்படுவதை அலங்காரப் பிரியன் ஒருவனுடைய பேச்சு என்று கொள்ள வேண்டாம். லென்ஸைக் கண்ணுக்கு நேராக நிறுத்தி வைக்கும் பொறுப்பு சட்டத்தினுடையது. அது ஒரு புறம் சாய்ந்தால் நம் பார்வையும் உடன் சாய்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பிய விமான நிலையம் ஒன்றின் கடையில், பெரும் புகழ் வாய்ந்த ஆடை நிறுவனத்தின் பெயரைப் பொன்னெழுத்தில் தாங்கிய ஒரு சட்டத்தைக் கண்டு மயங்கினேன். என் மாத வருமானத்தில் பாதியை அதற்குக் கொடுத்தேன் என்பதைச் சொல்லிக்கொள்ளச் சற்று வெட்கமாகவே இருக்கிறது. தில்லிக்குத் திரும்பி, எனக்கு வழக்கமாகக் கண்ணாடி போட்டுத் தரும் முதியவரிடம் அதைக் கொடுத்தபோது, அவர் பொன்னெழுத்தைப் பார்க்கவே இல்லை. சிறிய அளவுகோல் ஒன்றை எடுத்து முதலில் சட்டத்தையும் பிறகு என் முகத்தையும் அளந்தார். இந்தச் சட்டம் உங்கள் கண்ணுக்கு மிகவும் அகலம், இதைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். விமான நிலையத்துக்கு யார் திரும்பிப் போவது? லென்ஸ் போட்டே தீர வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். வெளி ஓரங்கள் சோடாப் புட்டியின் அடிப்பாகம் போல் தடித்தன. சட்டம் பாரம் தாங்காமல் மூக்கில் வழுக்கியது. ஓராண்டு முடியுமுன் கீலும் தளர்ந்தது. அந்தக் கீல் பிளாஸ்டிக்கினுள் வெறுமனே அழுத்தி வைக்கப்பட்டதாகையால் அதை மாற்றவும் வழியில்லை. செய்த நாடு எதுவென்று அந்தச் சட்டத்தில் எங்கும் பொறித்திருக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

அந்த அளவுக் கணக்கை இப்போது சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான சட்டங்களில், காதில் மாட்டும் கையின் உட்புறத்தில் மூன்று எண்கள் இருக்கும். என்னுடையதில் 54, 18, 145 என்று இருந்தன. முதலாவது ஒரு லென்ஸின் அகலம், இரண்டாவது மூக்கின் மேல் அமரும் பாலத்தின் அகலம், மூன்றாவது கையின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். முதல் இரண்டையும் கூட்டினால் 72. என் இரு கண்மணிகளுக்கும் இடையிலுள்ள தூரமோ 62. ஆக, ஒவ்வொரு லென்ஸின் மையத்தையும் ஐந்து மில்லிமீட்டர் மூக்குப் பக்கமாகத் தள்ளி அமைத்தாக வேண்டும். கிட்டப் பார்வை லென்ஸ் நடுவில் மெலிந்தும் ஓரத்தில் தடித்தும் இருப்பது. மையம் எவ்வளவு உள்ளே நகர்கிறதோ அவ்வளவு வெளி ஓரம் பருக்கும். பவர் மிகுந்தவர்கள், கூட்டுத்தொகை தம் கண்மணித் தூரத்துக்கு நெருங்கியதாக உள்ள சட்டத்தையே நாட வேண்டும். பவர் சொற்பமாயிருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகமில்லை.

நல்ல சட்டம் எங்கே பிறக்கிறது என்று அதன் பிறகுதான் விசாரிக்கத் தொடங்கினேன். இத்தாலியின் வடகிழக்கில் கதோரே என்ற மலைநாடு இருக்கிறது. அங்கே கலால்சோ என்ற ஊரில் 1878-இல் தொடங்கிய கண்ணாடித் தொழில் பள்ளத்தாக்கு முழுதும் பரவியது. அதே பெல்லூனோ மாவட்டத்தின் அகோர்தோ என்ற ஊரில் 1961-இல் சிறிய பட்டறையாக எழுந்த லக்ஸோட்டிகா, 1999-இல் ரேபான் என்ற பெயரை வாங்கி, 2018-இல் பிரான்சின் எஸ்ஸிலாருடன் இணைந்து இத்தொழிலின் மாபெரும் நிறுவனமாகிவிட்டது. ஷனேல், பிராடா முதலிய ஆடை இல்லங்களின் பெயர்களில் உரிமம் பெற்றுக் கண்ணாடிகளைச் செய்வதும் அதுவே. உரிமத்தில் வருவதெல்லாம் மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. அவற்றுள் அருமையான வேலைப்பாடு உண்டு. ஆனால் சட்டத்தின் மேலுள்ள பெயர் அதைச் செய்த கையின் பெயரன்று என்பதை வாங்குவோர் மனத்தில் இருத்த வேண்டும். பிரான்சின் ஜூரா மலையில் மொரே என்ற ஊரிலும் ஆணி செய்துவந்த ஒருவர் 1796-இல் கம்பிச் சட்டம் செய்யத் தொடங்கியதிலிருந்து இந்தத் தொழில் உண்டு.

என் மனத்தைக் கவர்ந்தது ஜப்பானின் ஃபுக்குயி மாநிலத்துக் கதைதான். பனிக் காலத்தில் அங்கே வயல்கள் மூடிக் கிடக்கும். உழவர்களுக்கு வேலை இராது. மசுநாகா கொசாயெமோன் என்பவர் 1905-இல் ஒசாக்காவிலிருந்து கைதேர்ந்தவர்களை வரவழைத்து, கிராமத்து இளைஞர்களுக்குக் கண்ணாடிச் சட்டம் செய்யக் கற்பித்தார். அந்தத் தொழில் பக்கத்து சபாயே நகரத்திலும் வேரூன்றி, இன்று ஜப்பானில் செய்யப்படும் சட்டங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை அந்த வட்டாரத்திலிருந்தே வருகின்றன. ஒரு வீட்டில் கீல், மற்றொரு வீட்டில் மெருகு, வேறொரு வீட்டில் பற்றவைப்பு என்று சிறு பட்டறைகள் வேலையைப் பங்கிட்டுக் கொள்கின்றன. 1980களின் தொடக்கத்தில் டைட்டானியம் என்ற பிடிவாதமான உலோகத்தை வசப்படுத்திச் சட்டமாக்கியவர்களும் இவர்களே. அந்த உலோகம் மிக இலேசானது, வியர்வைக்குக் கறுக்காது. மட்டமான கலப்பு உலோகச் சட்டங்கள் நம் நாட்டு வெயிலில் பச்சைக் களிம்பு பூத்துக் காதோரம் அரிப்பை உண்டாக்குவதை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒரு குறையும் உண்டு. சூட்டில் அது காற்றிலுள்ள பிராண வாயுவோடு கலந்து நொறுங்கும் தன்மை அடைவதால், ஒடிந்தால் தெருக்கோடிக் கடையில் பற்றவைக்க இயலாது. ஆர்கான் வாயுவோ லேசர் கருவியோ வேண்டும்.

அசிடேட் என்பது மற்றொரு வகை. பருத்தியிலிருந்தும் மரக்கூழிலிருந்தும் எடுக்கும் செல்லுலோஸினால் ஆனது அது. நல்ல பட்டறையில் பலகையாக வரும் அசிடேட்டிலிருந்து சட்டத்தை அறுத்தெடுத்து, மரத்துண்டுகள் நிரம்பிய பீப்பாயில் நாட்கணக்கில் உருட்டி, பின்னர் கையால் மெருகிடுகிறார்கள். மட்டமான சட்டமோ உருகிய பிளாஸ்டிக்கை அச்சில் பாய்ச்சிச் சில விநாடிகளில் வார்க்கப்படுவது. இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். அச்சின் இணைப்புக் கோடு மெல்லத் தட்டுப்பட்டால் அது வார்ப்பு. வண்ணக் கோலம் உட்புறம் வரை ஊடுருவியிருக்கிறதா, மேலே மட்டும் அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். கைகளை மடக்கித் தட்டையான மேஜைமேல் வையுங்கள். ஆடாமல் நிற்க வேண்டும். கையை விரித்தால் முன்சட்டத்துடன் சேரும் இடத்தில் நூலிழை இடைவெளியும் தெரியலாகாது. கீலைப் பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள். கீல் ஆழமாகப் பதிந்தோ ஆணி அடித்தோ இருந்தால், ஒரு நாள் பழுதானாலும் பழுது பார்க்க இடமுண்டு.

இந்தச் சோதனை எல்லாம் பொருள் கையில் இருக்கும்போது அல்லவா? தூரத்திலிருந்து வாங்குகிறவன் என்ன செய்வது? ஜப்பானுக்குப் போகும் வாய்ப்புள்ளவர்கள் சபாயேக்கே போகலாம். டோக்கியோவிலிருந்து ஃபுக்குயி வரை 2024 முதல் அதிவேக ரயில் நேராகச் செல்கிறது. சுமார் மூன்று மணி நேரப் பயணம். சபாயேயில் கண்ணாடிக்கென்றே ஓர் அருங்காட்சியகமும், அதை ஒட்டி உள்ளூர்ப் பட்டறைகளின் சட்டங்களை விற்கும் கடையும் உண்டு. ஏனையோர் இணையத்தின் வழியாக வாங்கலாம். அப்படி வாங்குமுன் மூன்று எண்களையும் கேட்டறிந்து, உங்களுக்கு நன்றாகப் பொருந்தியுள்ள பழைய சட்டத்தின் எண்களோடு ஒத்துப் பாருங்கள். "வடிவமைத்தது இத்தாலி" என்ற சொல்லைக் கண்டு மகிழ வேண்டாம். செய்தது எங்கே என்று எழுதிக் கேளுங்கள். சி.இ. என்ற முத்திரை ஐரோப்பிய விதிகளுக்கு இணங்கியது என்று மட்டுமே கூறும். வேலைப்பாட்டுக்கு அது சாட்சி ஆகாது. சீனத்தில் செய்தது என்று நேர்மையாகச் சொல்பவரை அதன் பொருட்டே ஒதுக்கிவிடவும் வேண்டாம். ஷென்ஜென் பட்டறைகளில் முதல்தரமான அசிடேட் வேலையும் நடக்கிறது. திருப்பி அனுப்பும் கெடு எத்தனை நாள், உபரித் திருகாணியும் மூக்குத் தாங்கியும் கிடைக்குமா என்பவற்றையும் விசாரியுங்கள். விலையோடு சுங்கத் தீர்வையும் சேரும். அதைக் கணக்கில் கொள்ளாமல் வாங்கிவிட்டுத் தபால்காரரிடம் முறையிடுவதில் பயனில்லை. சட்டத்தை மட்டுமே வரவழையுங்கள். லென்ஸை, உங்கள் முகத்தை நேரில் அளக்கக்கூடிய உள்ளூர்க் கடையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது நான் அணிந்திருப்பது ஃபுக்குயியிலிருந்து தபாலில் வந்த டைட்டானியச் சட்டம். 44, 20 என்ற அளவு; மையம் நகர்வது ஒரே ஒரு மில்லிமீட்டர். அதன் மேல் எந்த ஆடை இல்லத்தின் பெயரும் கிடையாது. தில்லி முதியவர் அதைக் கையில் வாங்கி, கீலை இரண்டு முறை மடக்கி விரித்துப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் லென்ஸ் அறுக்க எடுத்துச் சென்றார். ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பெட்டியோடு வந்த நான்கு உபரித் திருகாணிகளில் இதுவரை ஒன்றுதான் செலவாகியிருக்கிறது. மற்ற மூன்றையும் மாத்திரைச் சிமிழ் ஒன்றில் போட்டு, அவரிடமே கொடுத்து வைத்திருக்கிறேன்.