ஞாயிறு சிந்தனை: வாசலில் நிற்கும் அன்னியர்

(பொதுக்காலம் 30-ம் ஞாயிறு, முதலாம் ஆண்டு. வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)

இன்றைய நற்செய்தியில், திருச்சட்ட அறிஞர் ஒருவர் இயேசுவைச் சோதிக்கும் நோக்கத்தோடு ஒரு கேள்வி கேட்கிறார். யூத மரபின் கணக்குப்படி, திருச்சட்டத்தில் உள்ள கட்டளைகள் 613. இவற்றுள் தலையாயது எது என்பது கேள்வி. இயேசு ஒரு கட்டளையைக் கேட்டவருக்கு இரண்டைத் தருகிறார். முழு உள்ளத்தோடு கடவுளை அன்பு செய்வது. தன்மீது கொள்ளும் அன்பை அடுத்திருப்பவர் மீதும் கொள்வது.

இந்த இரண்டும் இயேசு புதிதாக உருவாக்கிய கட்டளைகள் அல்ல. முதலாவது, இணைச்சட்ட நூலிலிருந்து வருகிறது. இரண்டாவது, லேவியர் நூலிலிருந்து வருகிறது. நாசரேத்தில் சிறுவனாய் வளர்ந்த இயேசு, ஓய்வுநாள்தோறும் தன் ஊர்த் தொழுகைக்கூடத்தில் கேட்டுக் கேட்டு மனதில் பதித்துக்கொண்ட வார்த்தைகள் இவை. எனவே, பிறரன்பின் பாடத்தை இயேசு கற்ற அந்தத் தொழுகைக்கூடத்தை இன்று நாமும் சற்று எட்டிப் பார்ப்போம்.

தொழுகைக்கூடம் என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? இயேசுவோடு வாதிட்ட பரிசேயர், ஓய்வுநாளில் நோயாளரைக் குணமாக்கியதால் எழுந்த சச்சரவு, நாசரேத்து மக்கள் அவரை ஊருக்கு வெளியே துரத்திய நிகழ்ச்சி... நற்செய்தியோடு மூடிவிட்ட ஒரு கட்டடம் போல நாம் அதை எண்ணிவிடுகிறோம். ஆனால், இன்றும் உலகெங்கும் தொழுகைக்கூடங்கள் இயங்கி வருகின்றன. எபிரேய மொழியில் அதன் பெயருக்கு, 'கூடிவரும் இல்லம்' என்று பொருள். அங்கே மக்கள் செபிக்கவும் கூடுகிறார்கள், மறைநூலைப் படிக்கவும் கூடுகிறார்கள், அடுத்தவர் துயரில் கைகொடுக்கவும் கூடுகிறார்கள்.

இந்த மூன்றாவது பணிக்கு அவர்கள் பயன்படுத்தும் சொல், 'செதாக்கா'. இதை 'தருமம்' என்று நாம் மொழிபெயர்க்கலாம். ஆனால், அச்சொல்லின் வேர், 'நீதி' என்ற பொருள் கொண்டது. ஏழைக்குக் கொடுப்பது இரக்கமுள்ளவரின் பெருந்தன்மை அல்ல. ஏழைக்கு உரியதை அவரிடம் சேர்ப்பது. கொடுக்கும் கை மேலே, வாங்கும் கை கீழே என்ற எண்ணத்திற்கு அங்கு இடமில்லை.

வாங்குபவரின் மானம் காக்கப்படவேண்டும் என்பதில் அவர்கள் காட்டும் அக்கறை நம்மை வியக்கவைக்கிறது. எருசலேம் கோவிலில் ஓர் அறை இருந்ததாக 'மிஷ்னா' என்ற யூத மரபு நூல் சொல்கிறது. கொடுக்க விரும்புவோர் அங்கு மறைவாகக் கொண்டு வந்து வைப்பர். நன்றாக வாழ்ந்து நொடித்துப்போன குடும்பத்தினர் அங்கு மறைவாகச் சென்று எடுத்துக்கொள்வர். யார் கொடுத்தார், யார் எடுத்தார் என்று யாருக்கும் தெரியாது. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியவேண்டாம் என்று மலைப்பொழிவில் இயேசு சொன்னபோது, கேட்டுக்கொண்டிருந்த மக்களுக்கு இத்தகைய பழக்கங்கள் புதியவை அல்ல.

ஊர்தோறும் இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. ஒன்று, அன்றாடம் உணவு திரட்டி, பசித்தவர்க்கு அன்றே வழங்குவது. மற்றொன்று, வாரம் முழுவதும் பணம் திரட்டி, வெள்ளிக்கிழமையன்று ஏழைக் குடும்பங்களுக்குப் பகிர்வது. பணம் திரட்டுவதற்கு இருவர் சேர்ந்து செல்லவேண்டும். பகிர்ந்தளிக்க மூவர் அமரவேண்டும் என்பது விதி. ஒருவர் கையில் மட்டும் பொதுப்பணம் இருக்கக்கூடாது. திருத்தூதர் பணிகள் நூலின் 6-ம் பிரிவில், கைம்பெண்களுக்கு அன்றாட உணவு பகிர்வதில் மனத்தாங்கல் எழுந்தபோது, திருத்தூதர்கள் எழுவரைத் தேர்ந்தெடுத்ததை நாம் அறிவோம். நம் திருத்தொண்டர் பணி இத்தகைய ஒரு மண்ணில்தான் முளைவிட்டது.

12-ம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிதஸ் என்ற யூத அறிஞர், கொடுப்பதில் எட்டுப் படிகளை வரிசைப்படுத்தினார். மனமில்லாமல் முகம் சுளித்துக் கொடுப்பது கடைசிப் படி. முதல் படி எது தெரியுமா? ஒருவருக்குக் கடன் தந்தோ, அவரைத் தொழிலில் கூட்டாகச் சேர்த்தோ, வேலை வாங்கித் தந்தோ, அவர் இனி யாரிடமும் கையேந்தாதபடி நிலைநிறுத்துவது.

இன்றைய முதல் வாசகமும் கடனைப் பற்றிப் பேசுகிறது. ஏழைக்குக் கடன் கொடுத்தால் வட்டி வாங்காதே. அவருடைய மேலாடையை அடகாகப் பெற்றிருந்தால், பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடு. இரவில் போர்த்திக்கொள்ள அவருக்கு வேறென்ன இருக்கிறது என்று, விடுதலைப் பயண நூலின் 22-ம் பிரிவில் ஆண்டவர் கேட்கிறார். இந்த வாசகத்தைப் பல யூதச் சமூகங்கள் அப்படியே செயலாக்கியிருக்கின்றன. வட்டியில்லாக் கடன் தரும் சிறு நிதிகளை அவர்கள் நடத்துகின்றனர். நியூயார்க் நகரில் 1892-ம் ஆண்டு தொடங்கப்பட்ட 'எபிரேய இலவசக் கடன் சங்கம்' இன்றும் இயங்குகிறது. கடன் கேட்டு வருபவர் எந்த மதத்தவர் என்று அது பார்ப்பதில்லை. கந்துவட்டியால் குடும்பத்தோடு உயிரை மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றி அடிக்கடி செய்தித்தாளில் வாசிக்கும் நமக்கு, இந்தச் செய்தி ஏதாவது சொல்கிறதா? நம் அன்பியங்கள் செபமாலை சொல்லிக் கலைந்துவிடுகின்றனவா, அல்லது வட்டிக்காரர் வாசலில் நிற்கும் வீட்டைப் பற்றியும் பேசுகின்றனவா?

அன்பு நெஞ்சங்களே, தொழுகைக்கூடங்களைச் சார்ந்த தன்னார்வலர் ஆற்றும் மற்றொரு பணியும் நம் சிந்தனைக்கு உரியது. இறந்தோரை அடக்கத்திற்குத் தயார் செய்ய, பல யூதச் சமூகங்களில் ஒரு குழு உண்டு. இறந்தவர் ஆண் என்றால் ஆண்கள், பெண் என்றால் பெண்கள், உடலைக் கழுவி, செபம் சொல்லி, எளிய வெள்ளைத் துணி உடுத்துகின்றனர். செல்வருக்கும் ஏழைக்கும் ஒரே வகைத் துணிதான். அடக்கம் செய்யும்வரை அந்த உடலைத் தனியே விடுவதில்லை. ஒருவர் மாற்றி ஒருவர் அருகே அமர்ந்திருக்கின்றனர். இதை அவர்கள் 'உண்மையான அன்புச்செயல்' என்று அழைக்கின்றனர். காரணம், இறந்தவர் நமக்குக் கைம்மாறு செய்ய இயலாது. உயிருக்கு வரும் ஆபத்தையும் பாராமல், இறந்தோரைத் தேடிச்சென்று அடக்கம் செய்த தோபித்தை நாம் இங்கு நினைவுகூரலாம்.

அமெரிக்காவில் டிசம்பர் 25-ம் தேதி நடப்பதையும் சொல்லவேண்டும். கிறிஸ்து பிறப்பு விழாவன்று, யூதர்கள் பலர், மருத்துவமனைகளிலும் ஏழைகளுக்கான உணவுக்கூடங்களிலும் பணிக்கு வருகின்றனர். அங்கு வழக்கமாக வேலை செய்யும் கிறிஸ்தவர்கள், அந்த ஒரு நாளாவது தங்கள் குடும்பத்தோடு இருக்கட்டும் என்பதற்காக. தங்களுக்குரியதல்லாத ஒரு விழாவை, அடுத்தவர் நிறைவாகக் கொண்டாட வழிசெய்கின்றனர்.

இவ்வளவு நல்லது செய்வோருக்கு நல்லதே நடக்கும் என்று நாம் எதிர்பார்க்கலாம். ஆனால், 2018-ம் ஆண்டு அக்டோபர் 27, ஓய்வுநாள் காலையில், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நடந்தது வேறு. அங்கே 'வாழ்வின் மரம்' என்ற பெயர் கொண்ட தொழுகைக்கூடத்தில் மூன்று யூதச் சமூகங்கள் தனித்தனியே வழிபட்டு வந்தன. வழிபாடு தொடங்கிய சிறிது நேரத்தில், துப்பாக்கியுடன் ஒருவர் உள்ளே நுழைந்து 11 பேரைச் சுட்டுக்கொன்றார். இறந்தவர்களில் வயது குறைந்தவருக்கு 54; மூத்தவருக்கு 97. நேரத்தோடு வந்துவிடும் வழக்கமுள்ளவர்கள் அவர்கள். நம் பங்குகளிலும் இப்படிப்பட்டவர்களை நமக்குத் தெரியும். முதல் மணி அடிப்பதற்குமுன் வந்து விளக்கைப் போடுபவர்கள், பாட்டுப் புத்தகத்தை எடுத்து வைப்பவர்கள், வருபவரை வாசலில் நின்று வரவேற்பவர்கள்.

அந்த மனிதரின் வெறுப்புக்கு ஒரு காரணம், அகதிகளுக்கு யூதர்கள் செய்துவந்த உதவி. இரஷ்யாவில் யூதருக்கு எதிராக வன்முறை வெடித்த 1881-ம் ஆண்டில், தப்பி வந்தவர்களுக்கு உதவ நியூயார்க்கில் தொடங்கப்பட்ட ஒரு யூத அமைப்பு, இன்று எல்லா மதத்தவரான அகதிகளுக்கும் உதவுகிறது. அந்த அமைப்பின் அழைப்பை ஏற்று, அகதிகளுக்கென ஓர் ஓய்வுநாளை அமெரிக்கத் தொழுகைக்கூடங்கள் பல கடைப்பிடித்தன. பிட்ஸ்பர்க்கின் அந்த மூன்று சமூகங்களில் ஒன்றும் அதில் பங்கேற்றிருந்தது. கொலை செய்தவர், இந்த அமைப்பைப் பழித்து எழுதிவிட்டுத்தான் துப்பாக்கியை எடுத்தார். அன்னியரை ஒடுக்காதே, நீயும் எகிப்தில் அன்னியனாய் இருந்தாய் என்று இன்றைய முதல் வாசகத்தில் ஆண்டவர் சொல்வதை அவர்கள் கடைப்பிடித்தார்கள். அதற்காகவே அவர்கள் வெறுக்கப்பட்டார்கள்.

அன்று உலகத் தொழுகைக்கூடங்களில் வாசிக்கப்படவேண்டிய பகுதி, தொடக்க நூலின் 18-ம் பிரிவில் துவங்குகிறது. நண்பகல் வெயிலில் கூடாரத்தின் வாசலில் அமர்ந்திருந்த ஆபிரகாம், முன்பின் அறியாத மூவரைக் கண்டதும் ஓடிச்சென்று வரவேற்று, கால் கழுவத் தண்ணீரும் உண்ண உணவும் கொடுக்கும் பகுதி அது.

பிறகு என்ன நடந்தது? காயமடைந்த அந்த மனிதரைக் காவல்துறையினர் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். அவருக்குச் சிகிச்சை தந்தவர்களில் யூதர்களும் இருந்தனர். தன்னார்வலர்கள், இறந்தோரின் உடல்களுக்கு இரவும் பகலும் காவல் இருந்தனர். முஸ்லிம் சகோதரர்கள், அடக்கச் செலவுக்காகவும் காயமுற்றோருக்காகவும் 2,00,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தனர். மறு ஆண்டு மார்ச் மாதம், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரு மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டபோது, பிட்ஸ்பர்க் யூதர்கள் அவர்களுக்காக நிதி திரட்டினர். வழிபட இடமின்றி நின்ற 'வாழ்வின் மரம்' மக்களுக்கு, அந்த ஆண்டின் பெருவிழா நாள்களில் ஒரு கிறிஸ்தவ ஆலயம் தன் கதவைத் திறந்துவிட்டது.

இதற்கு முந்தைய ஆண்டுகளிலும் இப்படி நடந்ததுண்டு. 2017-ம் ஆண்டு சனவரியில் டெக்சாஸ் மாநிலத்தின் விக்டோரியா என்ற சிற்றூரில் மசூதி தீக்கிரையானபோது, அவ்வூர் யூதர்கள் தங்கள் தொழுகைக்கூடத்தின் சாவியை முஸ்லிம்களிடம் கொடுத்தனர். ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்புவது எளிது. சாவியைக் கொடுப்பது அவ்வளவு எளிதல்ல.

யூதர்களைக் குறித்துக் கிறிஸ்தவ உலகம் பல நூற்றாண்டுகள் பேசிய கசப்பான வார்த்தைகளையும் நாம் மறக்கக்கூடாது. 1965-ம் ஆண்டு அக்டோபர் 28-ம் தேதி, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'நோஸ்த்ரா ஏதாத்தே' என்ற அறிக்கையின் வழியே, யூதர்களைக் கடவுளால் சபிக்கப்பட்டவர்களாகக் காட்டக்கூடாது என்று தெளிவாகக் கற்பித்தது. 1986-ம் ஆண்டு உரோமைத் தொழுகைக்கூடத்திற்குத் திருத்தந்தை 2-ம் யோவான் பவுல் சென்றார். பின்னர், திருத்தந்தையர் 16-ம் பெனடிக்டும் பிரான்சிசும் சென்றனர். அவர்களைப்போல் நாமும் அங்கு சென்று கற்றுக்கொள்ள இருக்கிறது.

நம் ஊருக்கு வருவோம். நம் வாசலில் நிற்கும் அன்னியர் யார்? சார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, நம் நகரங்களில் கட்டட வேலையும் ஆலை வேலையும் செய்யும் இளையோர் பலர் ஞாயிறு திருப்பலிக்கு வருகிறார்கள். கடைசி வரிசையில், புரியாத மொழியில் நடக்கும் வழிபாட்டில் முழந்தாளிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்கள் பெயரை நாம் கேட்டதுண்டா? ஆண்டுக்கணக்காய் முகாமிலேயே வாழும் இலங்கைத் தமிழர் நம் பங்கின் எல்லைக்குள் இருந்தால், கிறிஸ்து பிறப்பு விழாவில் புடவை கொடுத்ததோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா? ஒருவருக்கு நோய் வந்தால், யார் மருத்துவமனைக்கு உடன் போவது? ஒருவர் இங்கேயே இறந்துபோனால், ஊருக்கு அனுப்பும்வரை அந்த உடலின் அருகே யார் அமர்ந்திருப்பது?

இந்த வாரம், ஒவ்வொரு அன்பியமும் இந்தக் கேள்விகளில் ஒன்றையாவது எடுத்துப் பேசட்டும். பேசி முடித்ததும், இரண்டு பேர் எழுந்து அந்த வீட்டுக்கோ, அந்த முகாமுக்கோ போகட்டும்.

ஆபிரகாமின் இறைவா, கூடார வாசலில் வந்து நின்ற அன்னியரில் உம்மையே அவர் வரவேற்கச் செய்தீர். வழிபட வந்த இடத்தில் உயிரிழந்தோர் அனைவரையும் உம் அமைதியில் ஏற்றருளும். உம்மை அன்பு செய்வதாகச் சொல்லும் எங்கள் உதடுகளோடு, அடுத்திருப்பவருக்காகத் திறக்கும் கதவையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.