மருந்துக் கொம்பும் ஆவாரம் பட்டையும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"தொழில் அனுபவம் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்க" என்றார் செயலாளர். டேனரி டிரம்மின் கியர்பாக்ஸைப் பற்றிப் பேசினால் சாப்பாட்டுக்கு முன்னாலேயே தூங்கிவிடுவீர்கள். அதனால் ஒரு மாட்டுக் கொம்பைப் பற்றிப் பேசுகிறேன்.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவருக்குச் சொந்த ஊர் ஜவ்வாது மலையில். அவர் வீட்டுப் பரணில் தாத்தா காலத்து மருந்துக் கொம்பு ஒன்று கிடந்தது. குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிக்கு, கரிமருந்து வைத்துக்கொள்ளும் கொம்பு. துப்பாக்கி போய்ப் பல காலம் ஆகிறது. கொம்பும் விரிசல் விட்டு, அடிக்கட்டையைக் கரையான் தின்றிருந்தது. "அப்பாவுக்குக் கண் மங்கிட்டே வருது சார், இதே மாதிரி ஒண்ணு செஞ்சு கையில குடுக்கணும்" என்றார்.

ஏன் கொம்பு? நனையாது, உடையாது, இரும்பு மாதிரி உரசித் தீப்பொறி பறக்காது. மெல்லியதாகச் சுரண்டினால் வெளிச்சத்தில் உள்ளே மருந்து எவ்வளவு என்று தெரியும். பீரங்கிக்காரர்களும் பற்றவைக்கும் துளையில் மருந்து தூவக் கொம்புதான் வைத்திருந்தார்கள். பாலாற்றுக்கு அக்கரையில் 1751-ல் நடந்த ஆற்காடு முற்றுகையை எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஐம்பது நாள் கோட்டைக்குள் இருந்த கிளைவைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. பீரங்கிக்கு மருந்து போட்டவன் இடுப்பில் என்ன தொங்கியது என்று ஒரு வரி கிடையாது! அதே பத்தாண்டில் அமெரிக்க எல்லைப்புறச் சிப்பாய்கள் தங்கள் கொம்புகளில் ஊர் வரைபடம் செதுக்கி வைத்தார்கள். அவை இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

செய்முறைக்கு வருகிறேன். கொம்பைத் தண்ணீரில் ஊறப்போட்டால் உள்ளே இருக்கும் எலும்புத் தண்டு நாளடைவில் கழன்று வரும். அந்த நாற்றத்தால் வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதையை இங்கே சொல்ல வேண்டாம். நுனிப்பக்கம் உள்கூடு எதுவரை போகிறது என்று சைக்கிள் கம்பியை விட்டு அளந்து, வெளியே குறித்து, அங்கே துளை போட்டேன். கண்ணாடிச் சில்லால் சுரண்டினேன். கொதிநீரில் அடிவாயை முக்கினால் கொஞ்சம் இளகும். அந்தச் சூட்டிலேயே பூவரசங்கட்டை அடைப்பை இறுக்கி அடித்துவிட்டால், ஆறும்போது கட்டையின் வடிவத்துக்குப் பிடித்துக்கொள்ளும். இடுக்கில் தேன்மெழுகு. இதற்கு நான்கு ஞாயிற்றுக்கிழமை.

அடிக்கட்டையின் மேல் தொப்பி மாதிரி ஒரு தோல் உறை இருந்தது, கல் மாதிரி கெட்டி. தோலுக்கா நம்ம ஊரில் பஞ்சம்? குரோம் தோல் ஒரு துண்டும் பட்டைத் தோல் ஒரு துண்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தேன். குரோம் தோல் கொதிநீரையே தாங்கும், ஆனால் காய்ந்ததும் மறுபடி துவண்டுவிடும். ஷூவுக்கு அது நல்ல குணம், உறைக்கு ஆகாது. பட்டைத் தோலை வெதுவெதுப்பான நீரில் நனைத்து அச்சில் இழுத்துக் கட்டினால், காய்ந்து விறைத்து அப்படியே நிற்கும்.

அந்தப் பட்டைத் தோலுக்குத்தான் அலைய வேண்டியிருந்தது. ஆவாரம் பட்டைத் தொட்டியில் வாரக்கணக்கில் ஊறி, கடைசியில் கடுக்காய் நீரில் நிறம் தெளிந்த தோலுக்கு லண்டன் சந்தையில் தனிப் பெயரே உண்டு. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸுக்குப் போனது அதுதான். சென்னையில் 1903 வாக்கில் ஆல்பிரட் சாட்டர்டன் குரோம் முறையைச் சோதித்துப் பார்த்தார். 1970-களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. தொட்டிகள் போய் டிரம்கள் வந்தன. குரோமியம் என்ன செய்யும் என்பதை ராணிப்பேட்டைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1990-களில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவு மேடும், 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் நமக்குத் தெரியும். அதற்காகப் பழையதெல்லாம் புனிதம் என்றும் சொல்லமாட்டேன். பட்டைத் தண்ணீரும் ஆற்றுக்கு ஆகாதுதான். திண்டுக்கல், ஈரோடு பக்கம் இன்றும் தாவரப் பதனீடு இருக்கிறது. ஆனால் வெளிநாட்டு வாட்டில் சாறும் அதில் சேர்கிறது.

ஆவாரம் கைப்பக்குவம் தெரிந்த ஒரு பெரியவரைப் பேரணாம்பட்டுப் பக்கம் தேடிப் பிடித்தேன். எழுபத்தெட்டு வயது. அளவு கேட்டால் எண் சொல்லமாட்டார். தொட்டி நீரை நாக்கில் வைத்து, "இன்னும் ரெண்டு நாள் போகட்டும்" என்பார். நான் ஹைட்ராமீட்டரோடு நின்றேன். அவர் சொன்ன நாளில் தோலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், நடு வரைக்கும் ஒரே நிறம்.

கொம்பு முடிந்து மலைக்குப் போய்விட்டது. உள்ளே மருந்து கிடையாது, சட்டம் விடாது. நண்பரின் அப்பா அதைக் குலுக்கிப் பார்த்து, உறையை நகத்தால் தட்டி, "இதுதான்" என்றாராம்.

கெமிக்கல், மெக்கானிக்கல் கடைசி வருட மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் நோட்டுப் புத்தகமும் ஹைட்ராமீட்டரும் எடுத்துக்கொண்டு என்னோடு வாருங்கள். அவர் நாக்கில் சொல்வதை நாம் எண்ணில் எழுதி வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டில்தான் இருப்பார். சாப்பாடு ஆம்பூரில், என் செலவு.