பார்த்தலும் காத்தலும்



மலைப் பிரசங்கத்தில் ஆண்டவர் காட்டுப்புஷ்பங்களைக் கவனிக்கச் சொன்னார். கவலை வேண்டாம் என்ற போதனையை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம், கவனிப்பதும் கட்டளைதான். சித்திரையில் முற்றத்தில் வேப்பம்பூ உதிர்வதை நின்று பார்ப்பது நேரவிரயம் அல்ல.

ஆதியாகமம் 2:15 மனிதருக்கு இரண்டு வேலைகளைத் தருகிறது: பண்படுத்தல், காத்தல். முதலாவதை யாழ்ப்பாணத்தார் நன்றாகவே செய்தோம். வெங்காயமும் (சொல்லக் கூச்சம்தான்) புகையிலையும் சாட்சி. இரண்டாவதற்குச் சாட்சி நம் கிணறுகள்.

வற்றாத ஆறு ஒன்றுமில்லாத குடாநாடு இது. மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, உவர்நீரின் மேல் மிதக்கிறது. அதைத்தான் குடிக்கிறோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறும். மிகையான உரமும் மலக்குழிக் கசிவும் நைத்திரேற்றாக அதில் கலக்கும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. அது மிகுந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் வலுவை இழக்கலாம். வைத்தியர்களாகிய எங்களைக் கேட்டால், அயலவரை நேசிப்பது அவர்கள் கிணற்றுக்கு எவ்வளவு தள்ளி நம் மலக்குழியை வெட்டுகிறோம் என்பதிலும் இருக்கிறது.

கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இருந்து ஊரில் வீடு கட்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: முற்றம் முழுவதையும் சீமெந்தால் மூடாதீர்கள். மாரிமழை இறங்க இடம் விடுங்கள்.